அவசரத்துக்கு ஓர் எண்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உன் முழங்கால் வலி தேவலையா? மாத்திரையைப் பாதியாக உடைத்து மிச்சம் பிடிக்காதே. நான் சௌகரியம்.

போன வாரம் கல்லூரியில் ஹேக்கத்தான் நடந்தது. மாணவர்கள் இரண்டு நாள் கணினி முன் உட்கார்ந்து புதிதாக ஒரு செயலி செய்து காட்டும் போட்டி. ஏற்பாடு, நடுவர் வேலை இரண்டையும் முதல்வர் நூலகரான என் தலையில் கட்டிவிட்டார்.

ஒரு குழு, தனியாக இருக்கும் முதியவர்களுக்காகச் செயலி செய்திருந்தது. காலையில் அதைத் தொடாவிட்டால் வேண்டியவருக்கு அழைப்பு போகும்.

"நீங்களே நம்பர் போட்டுப் பாருங்க மேடம். உங்களுக்கு ஒண்ணுன்னா முதல்ல யாருக்குத் தெரியணும்?" என்றாள் ஒரு பெண்.

விரல் தானாகப் பத்து இலக்கங்களையும் அழுத்தியது. அவள் சோதனைக்காக அழைப்பைத் தட்டிவிட்டதும் என் கைப்பைக்குள் அவருடைய போன் அடித்தது. அவர் போய் இரண்டு வருஷமாகியும் அதற்குச் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறேன். ஏன் என்று கேட்காதே.

"உங்களுக்கு நீங்களேவா மேடம்! அப்ப உடனே எடுத்துடுவீங்க!"

எல்லாரும் கைதட்டினார்கள். நானும் சிரித்துவைத்தேன். சரியாக வேலை செய்ததால் முதல் பரிசு அவர்களுக்குத்தான். தலைப்பில் இருந்த எழுத்துப்பிழைக்கு மட்டும் இரண்டு மதிப்பெண் குறைத்தேன்.

மூக்குக்கண்ணாடிக்கு ஒரு கயிறு அனுப்பு. உன் போன் எண்ணையும் பெரிதாக எழுது. உன் பெயரைத் தொட்டே கூப்பிட்டுப் பழகியதில் அது எனக்கு மனப்பாடமில்லை. இனி யாராவது கேட்டால் விரல் அதைத்தான் அழுத்த வேண்டும்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

உன் தங்கை