அடிக்க விடாத தமுக்கு

கார்த்திகை, செவ்வாய் இரவு.

இன்று ஏரிக்கரையில் இருந்தவர்கள்: நான், என் மகள் செல்வி, ஊர்ப் பெரியதனக்காரனான என் தம்பி ராமலிங்கம், தமுக்கடிக்கும் முனியன், பிறகு வந்த பக்கத்து ஊர் காசியும் அவன் ஆட்களும்.

விடியும்போது கரை உடைப்பெடுத்தது. உடைப்பெடுத்தால் நாங்கள் தமுக்கடிக்க வேண்டும், அந்தச் சத்தம் கேட்டுப் பக்கத்து ஊர் மண்மூட்டையோடு வர வேண்டும். எவ்வளவு பகை இருந்தாலும் அதுதான் வழக்கம்; கூப்பிடாமல் எல்லை தாண்டி வரமாட்டார்கள். இடஒதுக்கீட்டு மறியலில் அடித்துக்கொண்டதிலிருந்து இரண்டு ஊருக்கும் பேச்சே இல்லை. முனியன் தமுக்கை எடுத்தான். தம்பி பிடுங்கிக்கொண்டான்.

"அவனுங்க கால்ல வுழறதுக்கு பதிலா ஊரே முழுகட்டும்."

பள்ளத்தெருவில் செல்வியின் வீட்டுக்குள் தண்ணீர் ஏறியது. பொறுக்கமாட்டாமல் நான் பித்தளைத் தவலையைக் கவிழ்த்து அடித்தேன். உடனே வந்துவிட்டார்கள்.

"இன்னா ஆயா, கூழ் ஊத்தவா கூப்ட்ட?" என்றான் காசி. "சண்டைக்கார நாட்டு வெள்ளத்துக்கே படகு அனுப்புறாங்களாம், ரேடியோல சொல்றான். நாங்க விடிஞ்சதுலேர்ந்து மூட்டையோட எல்லையில நின்னுக்கினு கீறோம். நீங்கதான் கூப்புடல."

மதியத்துக்குள் உடைப்பை அடைத்தார்கள். அதற்குமுன்பே செல்வியின் வீட்டுச் சுவர் கரைந்து விழுந்துவிட்டது.

காசி மறியலில் என் மகனை அடித்தவன். அந்தப் பகை அப்படியே இருக்கட்டும், அது வேறு. தமுக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடைசிவரை கரையில் நின்றானே, கூடப் பிறந்தவன். மன்னிக்கவே மாட்டேன், ராமலிங்கத்தை.