சுவரில் கொழுவிய அரிசி

இன்று காலை மகள் கல்முனைக் கடையிலிருந்து சட்டம் போட்ட படம் ஒன்று வாங்கி வந்தாள். வெள்ளைத் தாளில் கறுப்பு மையில் ஜப்பான் எழுத்து. அன்று நீங்கள் ஜப்பானிலிருந்து கொண்டுவந்த எழுத்து முன் அறையில் இன்னும் தொங்குகிறது. அதற்கு எதிர்ச் சுவரில் கொழுவ ஆணியும் எடுத்துவிட்டாள்.

"என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டேன்.

"தெரியா உம்மா. வடிவா இரிக்கி."

பொருள் தெரியாததை இந்த வீட்டில் கொழுவ வேண்டாம் என்றேன். முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவள் கேட்க மாட்டாள். உங்களிடமே சொல்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், நமக்குக் கல்யாணமாகி இரண்டு வருடத்தில், நாற்றை வரிசையாக நடும் முறையைப் படித்துவர அரசாங்கம் உங்களை ஜப்பானுக்கு அனுப்பியது. ஆறு மாதம் கழித்து வந்து பெட்டியைத் திறந்தீர்கள். பட்டு இருக்கும் என்று எட்டிப் பார்த்தேன். சுருட்டிய தாள் ஒன்றுதான் இருந்தது. நீங்கள் தங்கியிருந்த வீட்டு விவசாயி தூரிகையால் எழுதித் தந்தது. ஒரே எழுத்து: அரிசி. அதைப் பிரித்தால் எட்டு, பத்து, எட்டு, அதாவது எண்பத்தெட்டு என்று வருமாம். அரிசி வீடு வந்து சேர எண்பத்தெட்டு வேலை உண்டு என்பதை மறக்காமலிருக்கச் சுவரில் மாட்டுவார்களாம்.

நான் கன்னியாஸ்திரிகளிடம் கையெழுத்துப் பழகியவள். கோடு கோணினால் விரலில் அடி விழும். அந்த ஆறு கோடுகளை எந்த ஒழுங்கில் போடுவது என்று உங்களைக் கேட்டு, எழுதிப் பழகிய பின்புதான் சட்டம் போட விட்டேன்.

மூன்றாம் நாள் மாமா வந்தார். என் உம்மாவின் மூத்த சகோதரர். மாவடிப்பள்ளியில் தன் வயலில் இரண்டு ஏக்கரை வரிசை நடுகைக்குத் தருவதாக உங்களுக்கு வாக்களித்திருந்தார். உங்களுக்கென்று வயல் கிடையாது. அந்த இரண்டு ஏக்கரை நினைத்துத்தான் அந்நிய நாட்டுக் குளிரில் சேறு மிதித்தீர்கள்.

மாமா சுவரைப் பார்த்தார். "என்ன மருமகன் இது? கொன்வென்டுல படிச்ச புள்ள ஊட்டுக்குள்ள குருசு கொழுவிட்டாளோ?"

எழுத்தின் நடுவில் சிலுவைபோலக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடுகள். அவருக்கு அது மட்டும்தான் தெரிந்தது. அரிசி என்று நீங்கள் சொன்னதை அவர் நம்பவில்லை.

"கழட்டுங்க. இது தொங்குற ஊட்டுக்கு நான் வரமாட்டன். வயலும் இல்ல."

நீங்கள் எழுந்துபோய்ச் சட்டத்தில் கை வைத்தீர்கள்.

"கைய எடுங்க," என்று கதவு மறைவிலிருந்து வெளியே வந்தேன். தாளும் மையும் எடுத்து மாமாவின் முன்னால் எழுதினேன். மேலே இரண்டு புள்ளி, ஒரு கிடைக்கோடு, ஒரு நெடுங்கோடு, கீழே இரண்டு பக்கமும் இரண்டு இழுப்பு.

"இது இப்ப நான் எழுதின அரிசி, மாமா. ஜன்னல் கம்பியும் குறுக்க நெடுக்கத்தான் போகுது. அதையும் கழட்டுவமா? இது வாப்பா எனக்கு எழுதித் தந்த ஊடு. செவரும் என்ட."

"மாப்புளட வயலுக்கு நீயே மண்ணள்ளிப் போட்டுட்டாய்," என்றார். தேநீரைத் தொடாமல் போனார்.

 இரண்டு நாள் கழித்து நீங்கள் மெதுவாக, "குருசு இல்லண்டு நமக்குத் தெரியும்தானே. கொஞ்ச நாளைக்குக் கழட்டி வெச்சா என்ன?" என்றீர்கள்.

"கழட்டினா, குருசுதான் எண்டு நாமளே சொன்ன மாதிரி."

அதற்குப் பிறகு நீங்கள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இரண்டு வருடம் காத்திருந்துதான் நிந்தவூரில் ஒருவர் அரை ஏக்கர் குத்தகைக்குத் தந்தார். நீங்கள் கயிறு பிடித்து நட்டீர்கள். நான் வரம்பில் நின்று, கோணிய நாற்றுகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். "வரம்புல நிண்டு குறை சொல்றதும் அந்த எண்பத்தெட்டில ஒண்டா புள்ள?" என்று கேட்டீர்கள். வேலையாட்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வரிசை கோணித்தான் இருந்தது.

மாமா கடைசிவரை நம் வாசலை மிதிக்கவில்லை. அவர் இறந்தபோது ஜனாஸாவை நீங்கள் சுமந்தீர்கள். நான் வீட்டிலிருந்து அழுதேன். அப்போதும் அந்தச் சட்டத்தைக் கழற்றவில்லை.

உங்கள் கடைசி நோயில் ஒருநாள் கேட்டீர்கள்: "நான் சட்டத்தில கை வெச்சது உனக்கு இன்னும் கோவமா?"

"ஓம்," என்றேன்.

சிரித்தீர்கள். சிரிப்பு இருமலில் முடிந்தது. இல்லை என்று சொல்லியிருக்கலாம். அருகில் இருந்தவர்கள் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். பொய் சொல்லி உங்களை வழியனுப்ப எனக்கு மனமில்லை. அந்தக் கோபம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. யாருக்கும் கொடுக்க மாட்டேன்.