ரேடியேட்டரில் கோழி இறகு

செவ்வாய், ஐப்பசி 11. இரவு.

முட்டை லோடு ஏற்றும் என் வண்டி மூன்று நாளாகப் புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் சூடேறி நின்றுவிடுகிறது. ஓனர்கள் வாட்ஸ்அப் குழுவில் காலையில் கேட்டேன். இன்ஜினையே இறக்க வேண்டும் என்றார் ஒருவர். அட்மின் வாய்ஸ் மெசேஜே அனுப்பினார்: "ஏனுங்க, இதெல்லாம் உங்களுக்குப் புரியாதுங்க. ஊட்டுக்காரரைப் பேசச் சொல்லுங்க."

ஆர்.சி. புக்கில் இருப்பது என் பெயர். ஓட்டுவதும் நான்தான்.

பதில் போடாமல் முன் கிரில்லைக் கழற்றினேன். ரேடியேட்டர் முழுக்கக் கோழி இறகு மெத்தை மாதிரி அப்பியிருந்தது. பண்ணைக் கொட்டகைக்கு நேராக, இன்ஜினை அணைக்காமலே நிறுத்தி லோடு ஏற்றினால் ஃபேன் இழுக்காமல் என்ன செய்யும்? தப்பு என்னுடையதுதான். தண்ணீர் பீய்ச்சிக் கழுவினேன். ராசிபுரம் போய்த் திரும்பினேன். சூட்டு முள் பாதியைக்கூடத் தாண்டவில்லை.

இறகு போட்டோவைக் குழுவில் போட்டேன். சாயங்காலம் அட்மின் எனக்கு மட்டும் தனியாக அனுப்பினார்: "நம்ம வண்டியும் சூடாகுதுங்க. கிரில்லை எப்படிங்க கழட்டுனீங்க?"

நான் தனியாகப் பதில் போடவில்லை. குழுவிலேயே, அவர் பெயரைப் போட்டு எழுதினேன்: "ஊட்டுக்காரம்மாவைப் பேசச் சொல்லுங்க. சொல்லித் தாரேன்."