ஒன்பதாம் நாளே சேர்த்துவிட்டேன்

12 ஆகஸ்ட் 1971, வியாழன். ராயபுரம்.

காலையில் தொட்டியில் இருந்த இரண்டாவது மீனின் வாலிலும் வெள்ளைப் புள்ளிகள், உப்பைத் தூவிய மாதிரி. தப்பு என்னுடையதுதான்.

முதல் மீனுக்குப் புள்ளி வந்ததும் அதை மட்டும் கண்ணாடி ஜாடிக்கு மாற்றி, கடல் தண்ணீரில் மயில்துத்தக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு வைத்தியம் பார்த்தேன். புள்ளி மறைந்தாலும் மூன்று வாரம் தனியாகத்தான் வைக்க வேண்டும். தெரியும். ஆனால் தொட்டியில் இருந்த மற்றது, ஜாடி இருந்த பக்கத்தை விட்டு நகரவே இல்லை. தீனியையும் தொடவில்லை. ஒன்பதாம் நாள் சேர்த்துவிட்டேன்.

சாயங்காலம் காசிமேட்டிலிருந்து கடல் தண்ணீர் கொண்டுவந்த அந்தோணி, காலையில் நான் இரண்டு மீனையும் மாற்றி வைத்த ஜாடியைக் குனிந்து பார்த்தான். "இன்னா சார், மூணு வாரம் தனியா வெக்கணும்னு நீதானே சொன்ன? அப்பால ஏன் சேத்த?"

நாள் தப்பிவிட்டது என்றேன்.

"ஹார்பர்ல மூட்டை எண்ற ஆளு நீ. உனக்கு நாளு எண்ணத் தெர்லியா?" என்று சிரித்தான்.

என் மனைவி ரோசி தூத்துக்குடிக்கு, அவள் அம்மா வீட்டுக்குப் போய் ஐந்து மாதம், நான்கு நாள். இந்த மாதக் கடிதத்துக்கும் பதில் இல்லை. அவனிடம் சொல்லவில்லை.

இப்போது இரண்டும் ஜாடியில் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. பெரிய தொட்டியில் தண்ணீர் மட்டும்தான். அதிலுள்ள கிருமி பட்டினியில் சாகும்வரை காலியாகவே கிடக்க வேண்டும்.

சற்று முன் பழக்கத்தில் அதற்குள் இறால் துணுக்குகளைப் போட்டுவிட்டேன். அவை அடியில் போய்ப் படியும்வரை நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.