மூங்கில் ஆகாதாம்

1912, தை 6
ஜவுளிக்கடையில் துணிக்கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து என் வீட்டுக்காரர் வண்டி வரைகிறார். சேலை கேட்டு வந்தவளிடம் "கொஞ்சம் பொறும்மா" என்றாராம். அவள் அடுத்த கடைக்குப் போய்விட்டாள்.

வெல்லவாயிலிருந்து எங்கள் மகள் பாக்கியலெட்சுமியைப் பிரசவத்துக்கு அழைத்துவர, படுத்துக்கொண்டே வரும்படியான கூண்டு வண்டி. யோசனை நல்லதுதான். போன தடவை சாதா வண்டியில் எல்ல மலையேற்றம் முழுக்கக் குலுங்கி வந்தாள். இங்கே பதுளைக்கு வந்த மூன்றாம் நாள் பிள்ளை செத்துப் பிறந்தது. நான் மறக்கவில்லை. அவரும்தான்.

ஆனால் இவர் வரைவது வண்டியா, தேரா? தூண் நாலும் தேக்காம்.

தை 9
"மூங்கில்ல சட்டம் கட்டி, மேல கித்தான் போர்த்துங்க. மாடு ஏத்தத்துல இழுக்கணுமில்ல?" என்றேன்.

"பாடை கட்டுற மூங்கில்லயா எம் மகளப் படுக்க வைக்கச் சொல்ற?" என்று காதைப் பொத்திக்கொண்டார்.

நம் கல்யாணப் பந்தலுக்குக் கால் நட்டது எந்த மரமாம்?

"அதான் இன்னைக்கு வரைக்கும் அனுபவிக்கிறேன்" என்கிறார்!

தை 15
பிரம்பு என்றேன். அது வாத்தியார் கைக்குத்தானாம். ஆசாரி அழகையா பலா என்றார். துரைமார் பார்த்தால் சிரிப்பார்களாம். துரைக்கா பிரசவம்? இன்று தேயிலை ஆலையில் கழித்துப்போட்ட இரும்புக் குழாய்களை வாங்கி வந்து இறக்கியிருக்கிறார். தேக்குக்குத் துணையாம்.

தை 22
வெள்ளோட்டம். ஊரே கூடி நின்றது. முதல் மேட்டிலேயே மாடு இரண்டும் படுத்துவிட்டன. மகள் படுக்க வண்டி செய்யச் சொன்னால் மாடு படுக்கச் செய்திருக்கிறார். குற்றம் மாட்டுடையது; தீனி போதவில்லையாம்.

தை 29
ஏழாம் மாதம் முடிந்தது. எட்டில் அழைக்கும் வழக்கமில்லை. இனி ஒன்பதில்தான்.

மாசி 12
பாரம் குறைக்கிறேன் என்று குழாயைக் கழற்றினார். ஆடுகிறது என்று இரும்புப் பட்டை அடித்தார். குறைந்தது என் பொறுமை மட்டும்.

மாசி 20
வெல்லவாய்க்கு அரிசி ஏற்றிப் போய்த் திரும்பிய வண்டிக்கார அஸீஸ் நானா வாசலிலேயே நின்று சொன்னார்: "மகளுக்குக் காய்ச்சல், தங்கச்சி. காலும் வீங்கியிருக்கு."

ஐயோ. அது காய்ச்சல் பூமி, எத்தனை பேரக் கொண்டுபோயிருக்கு. நான் என்ன பொம்பள? தேக்கு மூங்கில்னு வாய்ச்சண்டை போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேனே—

மாசி 21
நான் போகிறேன் என்றேன்.

"தாய் வீட்டுக்குத்தான் பொண்ணு வரணும். சம்பந்தி வீட்டுல நீ போய் உக்காந்தா ஊரு என்ன பேசும்?"

"ஊரு வந்து வண்டி இழுக்குமா?"

போய் வண்டியின் தேக்குத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூங்கில் என்றதும் இவர் கண்ணில் பாடைதான் தெரிகிறது. வீம்பில் பாதி பயம் என்று இன்றுதான் எனக்கு உறைத்தது. பாவமாக இருந்தது. ஆனாலும் மூட்டை கட்டிவிட்டேன்.

மாசி 22
அஸீஸ் நானா வண்டியில், அரிசி மூட்டைமேல். தலைக்கு மேல் மூங்கில் வளைவு. உயிரோடுதான் இருக்கிறேன்.

மாசி 25, வெல்லவாய்
பாக்கியம் என்னைப் பார்த்ததும் அழுதாள். உடம்பு கொதிக்கிறது. காய்ச்சலுக்குக் கொயினா மருந்து கொடுக்கிறோம். சம்பந்தியம்மாள், "உங்க வீட்டுத் தேர் இன்னும் புறப்படலையா?" என்று கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை.

மாசி 28
காய்ச்சல் விட்டது. கஞ்சி குடித்தாள்.

பங்குனி 5
பெண் குழந்தை. நாள் முந்திப் பிறந்ததால் பூனைக்குட்டி அளவுதான் இருக்கிறது. வெளியே வந்தும் சத்தமில்லை. செத்தேன் என்று நினைத்தேன். பிறகு வீறிட்டதே ஒரு வீறல்! முருகா.

பங்குனி 9
ஒன்பதாம் மாதம், நல்ல நாள் பார்த்து, அவர் வந்து இறங்கினார். தேக்கும் இல்லை, இரும்பும் இல்லை. சட்டம் முழுக்க மூங்கில். மாடுகளுக்கு மூச்சுக்கூட வாங்கவில்லை. குழந்தை பிறந்த சேதி வழியில் எட்டவில்லை போலிருக்கிறது, வாசலில் நின்று சம்பந்தியிடம் விளக்கிக்கொண்டிருந்தார்: "மலையேத்தத்துக்கு மூங்கில்தாங்க. நான் அப்பவே சொன்னேன். இவதான் தேக்கு தேக்குன்னு நின்னா."

வாயைத் திறந்தால் வெல்லவாயே கேட்டிருக்கும். திறக்கவில்லை. குழந்தையைக் கொண்டுபோய் அவர் கையில் வைத்தேன். "மூச்சு விடுதா?" என்று மட்டும் கேட்டார்.

விடுகிறது என்றேன். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார்.

அதனால் இன்று திட்டவில்லை. நாளை திட்டுவேன்.