யாரும் கேட்காத இடதுகால் ஷூ

பஃபலோ,
திங்கட்கிழமை

அன்புள்ள மார்னா,

உன் முழங்கால் வலி தேவலையா? டுலூத்தில் பனி வாசலை மூடிவிட்டதா? நான் சுகம். நேற்று டிவியில் எங்கள் ஃபுட்பால் ஆட்டத்தைப் பார்த்துப் பதறியிருப்பாய். அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

கடைசி உதை என்னுடையது; தவறினால் தோல்வி. பேசினால் ராசி கெட்டுவிடும் என்று உதைக்கப் போகிறவனிடம் எங்கள் ஆட்கள் யாரும் பேச மாட்டார்கள், உனக்குத் தெரியும். இருபது வருஷமாக அந்த பெஞ்சில் அம்மை கண்டவன் மாதிரி தனியாகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். என் கால் நடுங்கட்டும் என்று எதிரணியும் இடைவேளை கேட்டு ஆட்டத்தைச் சற்று நிறுத்திவிட்டது. அப்போது பார்த்து, இந்த வருஷம் அணிக்கு வந்த டெல்பர்ட், மலை மாதிரி ஆள், பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அண்ணே, இந்தக் குளிருக்கு உங்க வீட்ல என்ன சூப் வைப்பாங்க?"

"டேய், எந்திரிச்சு வாடா!" என்று பயிற்சியாளர் அலறினார். நான் உன் காட்டரிசி சூப்பைச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். வெங்காயம் வரை வந்ததும் கூப்பிட்டார்கள். போய் உதைத்தேன். பந்து கம்பங்களுக்கு நடுவே பாய்ந்தது. இனி டெல்பர்ட் என் பக்கத்தில்தான் உட்கார வேண்டுமாம், பயிற்சியாளர் உத்தரவு!

வெங்காயத்துக்கு அப்புறம் என்ன போடுவாய்? அவன் விடாமல் கேட்கிறான். கம்பளி சாக்ஸும் அனுப்பு.

பஸ் வந்துவிட்டது. அந்த உதையோடு இந்த அணியில் இதுவரை அதிகப் புள்ளி எடுத்தவன் நான்தானாம். கண்ணாடிப் பெட்டியில் வைக்க, உதைத்த வலதுகால் ஷூவை வாங்கிப் போனார்கள். இத்தனை வருஷம் நான் ஊன்றி நின்ற இடதுகால் ஷூவை யாரும் கேட்கவில்லை. பார்சலில் வருகிறது. அது உன் பங்கு.

உன்,
வெர்ன்