எஸ்தர் மேஜையில் என் பெட்டி

வியாழக்கிழமை, இரவு.

மதியம் எஸ்தர் இடது கையால் ஸ்பூன் பிடித்துச் சாப்பிட்டாள். பக்கத்து மேஜையில் என்னைப் போலவே கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்கிறவள். கேட்டதற்கு, "கைய மடக்கிகினு தூங்கிட்டேங்க்கா, அதான்" என்றாள்.

போன மாதம் எனக்கு மணிக்கட்டு வலித்தபோது டாக்டர் திருப்பதி சொன்னார்: முழங்கை மேஜைமேல் இருக்கட்டும், மணிக்கட்டை வளைக்காமல் முழுக்கையால் மவுஸை நகர்த்தும்மா. மறுநாளே என் மேஜையைக் காலி செய்து, பத்திரிகை சாம்பிள் பெட்டியை எஸ்தர் மேஜையில் வைத்துவிட்டேன். அவளிடம் கேட்கவில்லை.

இன்றுதான் பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்த கஸ்டமர், "சாமி படத்த இன்னும் கொஞ்சம் பெருசு பண்ணும்மா, இப்டி தள்ளும்மா" என்று விடாமல் சொல்ல, என் பெட்டிக்கு முன்னால் மிஞ்சிய மேஜை விளிம்பில் எஸ்தர், முழங்கை அந்தரத்தில் தொங்க, மணிக்கட்டை மட்டும் வளைத்து வளைத்து மவுஸைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் பெட்டியைக் கீழே இறக்கினேன். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். எப்போது சொன்னார் என்று சொல்லவில்லை.

"எனக்கோசரம் எடுத்தியாக்கா?" என்றாள். "நாளிக்கி உனக்கு மீன் கொழம்பு எடுத்தாறேன்."

தலையாட்டினேன்.